கியர் பெட்டியைத் திறக்காதே

மார்ச் 3

அண்ணனுக்கு,

'அன்புள்ள' என்று முதலில் எழுதினேன். பிறகு அடித்தேன். அடித்தது அசிங்கமாகத் தெரிந்ததால் தாளையே மாற்றிவிட்டேன். ஆகவே வெறும் அண்ணனுக்கு.

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. உன் லிஃப்ட் கம்பெனியில் கெஞ்சிக் கேட்டு இந்த முகவரியை வாங்கினேன். நலம் விசாரிக்க இல்லை. ஒரு விஷயத்தில் முடிவு தெரிய வேண்டும்.

போன வாரம் துணி துவைக்கும் இடத்தில் தண்ணீர் டிரம்மை நகர்த்தினேன். பின்னால் ஒரு சிமெண்டுச் சாக்கு. அதற்குள் உன் ரிமோட் கார். நீலக் கூடு, நான்கு சக்கரம், ஏரியல் கம்பி, எதுவும் குறையவில்லை. மேலெல்லாம் சேறு காய்ந்து அப்பியிருக்கிறது, அவ்வளவுதான்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். ஆறு வருஷம் எங்கள் பின்னறையில் இருந்தாய். ஒரு நாள் மதியம் உன் பேட்டரி சார்ஜரில் கிடந்து வெடித்து அந்த அறையே போயிற்று. அங்கேதான் என் அளவுத் தாள்கள் இருந்தன. பதினொரு வருஷமாக என்னிடம் தைக்க வந்த ஒவ்வொருத்தியின் தோளும் இடுப்பும் காகிதத்தில் வெட்டி, பெயர் எழுதி, ஆணியில் மாட்டி வைத்திருந்தேன். ஒன்றுகூட மிஞ்சவில்லை. சாப்பிட வீட்டுக்கு வந்த இவர் தீயை அணைக்கப் போய் வலது கையை வேகவைத்துக்கொண்டார். இரண்டு விரல் இன்னும் மடங்கவில்லை. பல் செட் செய்கிறவருக்கு விரல் மடங்காவிட்டால் என்ன மிச்சம்? லேபில் இப்போது வாசல் மேசையில் உட்கார வைத்திருக்கிறார்கள். டாக்டர்கள் அனுப்பும் பெட்டிகளை வாங்கி வைக்கிறார்.

இவ்வளவுக்கும் பிறகு உன் கார் மட்டும் சவுக்கியமாக உட்கார்ந்திருக்கிறது.

மாடியில் வீட்டுக்கார அம்மா இன்னமும் என்னைப் பார்த்தால் "உங்கண்ணன் பண்ணின வேலைக்கு..." என்றுதான் பேச்சை ஆரம்பிக்கிறார். பதினைந்து நாள் பொறுப்பேன். பதில் வராவிட்டால் காரை எடைக்குப் போட்டுவிடுவேன்.

தங்கை


மார்ச் 11

ஊசிக்கு,

எடைக்குப் போட்டுவிடு.

அதற்கு முன் ஒன்று மட்டும் செய். காரைக் கவிழ்த்து, அடியில் நீளவாக்கில் ஒரு பட்டை இருக்கிறதா பார். இரண்டு கொக்கியைக் கழற்றினால் பட்டை வந்துவிடும். உள்ளே பேட்டரி இருந்தால் கையால் அழுத்தாதே, குத்தாதே, தண்ணீரில் போடாதே. ஒரு தகர டப்பாவில் மணல் கொட்டி அதற்குள் வைத்து வீட்டுக்கு வெளியே வைத்துவிடு. பேட்டரி இல்லையென்றால் பயமில்லை. இதை முதலில் செய்துவிட்டு மற்ற வேலையைப் பார்.

சாக்கில் நான்தான் போட்டு வைத்திருப்பேன். ஞாபகமில்லை.

இங்கே ஒரு ஆஸ்பத்திரியின் ஏழு லிஃப்டுகள் என் பொறுப்பு. அறை பரவாயில்லை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர்.

மாப்பிள்ளை கைக்கு ரப்பர் பந்தை வைத்து அமுக்கச் சொல்கிறார்களா? விடாமல் செய்யச் சொல்.

அண்ணன்


மார்ச் 19

அண்ணனுக்கு,

பேட்டரி இல்லை. பட்டை காலி.

எடைக்காரர் வந்தார். தூக்கிப் பார்த்தார். "பிளாஸ்டிக்கும்மா, இதுல என்ன இருக்கு," என்று தராசிலேயே வைக்காமல் சாக்கில் திணிக்கப் போனார். நான் என்ன நினைத்தேனோ, வேண்டாம் என்று பிடுங்கிக்கொண்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

எடைக்குப் போடச் சொல்ல உனக்கு எப்படி வாய் வந்தது? ஞாயிற்றுக்கிழமை காலையானால் செய்தித்தாளை விரித்து, பல் துலக்கும் பிரஷ் நாலு, துணி, எண்ணெய் என்று கடை பரப்புவாயே. ஒரு திருகாணி உருண்டு போனால் வீட்டில் யாரும் நடக்கக்கூடாது. இவர் அதற்கு 'சின்ன மச்சான்' என்று பேர் வைத்துக் கேலி செய்வார். "பெரிய மச்சான் சின்ன மச்சானைக் குளிப்பாட்டிட்டிருக்கார், சத்தம் போடாதே" என்பார். நீ சிரித்துக்கொண்டே துடைப்பாய். அந்த ஆள் எழுதுகிறான், எடைக்குப் போடு என்று.

அப்புறம், ஞாபகமில்லையாம். எந்தக் கட்டடத்து லிஃப்டில் எந்த மாசம் எந்தக் கயிற்றை மாற்றினாய் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிறவன் நீ.

நான் இதைச் சுத்தம் செய்து யாருக்காவது கொடுத்துவிடப் போகிறேன். சேற்றோடு கொடுக்க முடியாது. எப்படிச் சுத்தம் செய்வது என்று எழுது. கோபம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

இவரிடம் கார் கிடைத்ததைச் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிறுத்தி, "தூக்கிப் போட்டுடு" என்றார். ஆளாளுக்குத் தூக்கிப் போடத்தான் சொல்கிறீர்கள்.

தங்கை


மார்ச் 27

ஊசிக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே நான்கு நாள் அலைந்தேன். சரி, செய்வதென்றால் ஒழுங்காகச் செய்.

தண்ணீரைத் திறந்துவிட்டுக் கழுவாதே. உள்ளே மோட்டார், ரிசீவர் எல்லாம் இருக்கின்றன. சேறு காய்ந்திருப்பது நல்லதுதான், காய்ந்த சேறு உதிரும். நீலக் கூட்டை நான்கு ஊசிக்கொக்கி பிடித்திருக்கும். கொக்கியை எடுத்ததும் கூடு கையோடு வரும். கூட்டை மட்டும் சோப்புத் தண்ணீரில் கழுவலாம். கீழே இருப்பதற்கு வெறும் பெயிண்ட் பிரஷ். மேலிருந்து கீழாகத் தட்டு. மூலையில் இருப்பதற்குப் பழைய பல் பிரஷ்.

சக்கரங்களைக் கழற்று. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு நட்டுதான். கழற்றியவற்றை ஒரு தட்டில், கழற்றிய வரிசையிலேயே வை. உன் பட்டன் டப்பா மாதிரி எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிவிட்டால் பிறகு கடவுள் வந்தாலும் பூட்ட முடியாது. அச்சில் முடி, நூல் ஏதாவது சுற்றியிருக்கும். உன் சின்னக் கத்தரியால் வெட்டி இழு. நூல் விஷயத்தில் உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிறகு பேரிங். சக்கரம் மாட்டும் இடத்தில் மோதிரம் போல இருக்கும். விரல் நுனியில் மாட்டிச் சுற்றிவிட்டு, காதருகே வைத்துக் கேள். சத்தமில்லாமல் நெடுநேரம் சுற்றினால் நல்லது. சர்ரென்று மணல் அரைத்தால் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, காயவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. ஒரே சொட்டு. இரண்டு விட்டால் தூசியைக் கூப்பிட்டு உட்காரவைக்கும்.

பின்பக்க கியர் பெட்டியைத் திறக்காதே. அதற்கு அவசியமில்லை. வெளியே துடைத்தால் போதும்.

நேற்று ஒரு அம்மா லிஃப்டில் மாட்டிக்கொண்டார். மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில். உதவியாள் மேலே போய் லிஃப்டைக் கையால் இறக்கும் வரை நான் கதவுக்கு வெளியே நின்று அவரோடு பேசிக்கொண்டே இருந்தேன். "விழுந்துடுமாப்பா?" என்று கேட்டார். "விழாதும்மா. விழாதபடி நாலு ஏற்பாடு இருக்கு," என்றேன். சொல்லும்போது குரல் எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

அண்ணன்


ஏப்ரல் 6

அண்ணா,

திறந்துவிட்டேன்.

நீ 'திறக்காதே' என்று எழுதாமல் இருந்திருந்தால் அப்படி ஒரு பெட்டி இருப்பதே எனக்குத் தெரிந்திருக்காது. சக்கரம், அச்சு, பேரிங் எல்லாம் நீ சொன்னபடியே செய்தேன். அச்சில் சுற்றியிருந்தது நூல் இல்லை, புல். காய்ந்த புல், கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தது. நீ அடுக்குமாடி வண்டி நிறுத்துமிடத்தின் சிமெண்டுத் தரையில்தானே ஓட்டுவாய், புல்லுக்கு எங்கே போனாய் என்று யோசித்தேன். சேறும் அப்படித்தான். அப்போதுதான் அந்தப் பெட்டியின் மூன்று திருகாணியைக் கழற்றினேன்.

பல்சக்கரங்களுக்கு நடுவில் கிரீசோடு கலந்து வெள்ளையாக ஒரு மாவு. அதற்குள் பருப்பளவில் ஒரு சில்லு. எடுத்துத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். ஒரு பக்கம் மொழுமொழு. மறுபக்கம் மேடும் பள்ளமுமாக, நடுவில் கோடு ஓடி... அது ஒரு கடைவாய்ப் பல்லின் தலை, அண்ணா. நிஜப் பல் இல்லை, லேபில் மாவு ஊற்றி அச்சு எடுத்த பல். பதிமூன்று வருஷமாக இவர் சட்டைப்பையிலிருந்தும் கால்சட்டை மடிப்பிலிருந்தும் நான் உதறி எடுக்கிற அதே வெள்ளை. லேபுக்குப் பின்னால் ஒரு காலி மனை இருக்கிறது. புல் முளைத்துக் கிடக்கும். வேலை முடிந்த பல் அச்சுகளை அங்கேதான் உடைத்துக் கொட்டுகிறார்கள்.

சாயங்காலம் இவர் வந்ததும் அந்தச் சில்லை மேசையில் வைத்தேன்.

"இது என்னங்க?"

பார்த்தார். "மாவுச் சில்லு. சட்டையிலேருந்து விழுந்திருக்கும்."

"சட்டையிலேருந்து இல்ல. அண்ணன் காருக்குள்ளேருந்து."

நின்றுகொண்டிருந்தவர் உட்கார்ந்தார். வலது கையை இடது கையால் மூடிக்கொண்டார்.

"நான்தான்," என்றார்.

"எது நீங்கதான்?"

"எல்லாம். கார எடுத்தது. ஓட்டினது. பேட்டரிய சார்ஜ்ல போட்டது."

"எத்தன நாளா?"

"ரெண்டு மாசம் இருக்கும். மச்சான் வேலைக்குப் போனதும் பையில போட்டு எடுத்துட்டுப் போயிடுவேன். மதியம் அந்த மனையில கொஞ்ச நேரம் ஓட்டுவேன். சாயங்காலத்துக்குள்ள துடைச்சு வச்சிடுவேன்."

"கேட்டா அவன் தரமாட்டானா? கூட்டிட்டே போயிருப்பானே!"

"ஆறு வருஷமா கேலி பண்ணிட்டு, இப்ப போய் எனக்கும் குடுங்கன்னு எப்படிக் கேக்கறது?"

எனக்குச் சிரிப்பு வந்தது அண்ணா. அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்ததை நினைத்தால் இப்போது பயமாக இருக்கிறது.

அன்று மதியம் காரில் இருந்த பேட்டரி தீர்ந்துவிட்டதாம். வீட்டுக்கு வந்து, சூடாக இருந்த அதைக் கழற்றி உன் அறையில் வைத்திருக்கிறார். உன் அலமாரியின் கீழ்த்தட்டில் மணல் டப்பாவுக்குள் இன்னொரு பேட்டரி. "மணல்ல புதைச்சு வச்சிருந்ததால, பத்திரமா எடுத்து வச்சிருக்கார்போலன்னு நினைச்சேன்," என்கிறார். அதைச் சார்ஜரில் மாட்டிவிட்டு, அது ஏறுவதற்குள் காரைத் துடைக்கலாம் என்று துவைக்கும் இடத்துக்குப் போயிருக்கிறார். சத்தம் கேட்டதும் காரைச் சாக்கில் போட்டு டிரம்முக்குப் பின்னால் தள்ளிவிட்டு ஓடியிருக்கிறார். தீ எரியும்போது முதலில் காரை ஒளித்து வைத்திருக்கிறார், அண்ணா. அப்புறம்தான் அணைக்கப் போனார். ஒன்பது மாசம் அதை எடுத்து எறியக்கூடக் கிட்டே போகவில்லை.

இப்போது உனக்கு. நீ பெட்டியைத் திறக்காதே என்று எழுதினாய். அப்படியானால் உனக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியுமா? தெரிந்தும் நான் உன்னை ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தனை பேர் முன்னால் பேசியதையெல்லாம் வாங்கிக்கொண்டு நின்றாயா? நீங்கள் இரண்டு ஆண்களும் கண்ணாலேயே பேசி முடித்துவிட்டீர்கள். நான் ஒருத்தி நடுவில், தப்பான ஆளை வெறுத்துக்கொண்டு ஒன்பது மாசம் கிடந்தேன். யார் கேட்டது இந்தத் தயவை?

பதில் எழுது. சுருக்கமாக எழுதினால் கிழித்துப் போடுவேன்.

தங்கை


ஏப்ரல் 14

ஊசிக்கு,

தெரியும். முதல் நாளே தெரியும்.

தீயணைத்த பிறகு அறைக்குள் போனேன். நான் சார்ஜ் போட்டால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், வீட்டில் இல்லாதபோது பிளக்கைக்கூட உருவி வைத்துவிட்டுத்தான் போவேன். பிளக் செருகியிருந்தது. மணல் டப்பா திறந்திருந்தது. அலமாரியில் கார் இருந்ததற்கு அடையாளமே இல்லை. எவ்வளவு எரிந்தாலும் இரும்பு அச்சு கிடக்க வேண்டும். நீ கடைக்குப் போயிருந்தாய்; அன்று வீட்டில் இருந்தவர் அவர் ஒருவர்தான்.

ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். என்னைப் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். வெளியே வந்தால் நீ. "ஊர்ல இருக்கற லிஃப்டையெல்லாம் உன்னை நம்பி விட்டிருக்காங்களே, அவங்களுக்குத் தெரியுமா நீ எப்படிப்பட்டவன்னு?" என்று கேட்டாய்.

நீ கேட்டது சரிதான், ஊசி. அந்தப் பேட்டரி உப்பிப்போனது. பத்து நாளுக்கு முன்பே பார்த்தேன். உப்பினால் அது செத்த பேட்டரி, மறுபடி சார்ஜில் போட்டால் நெருப்புதான். பத்திரமாக ஒழிக்கக் கொண்டுபோக வேண்டும் என்று மணலில் வைத்தேன். இன்று போகலாம், நாளை போகலாம் என்று பத்து நாள் ஓட்டினேன். உங்கள் இருவரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் வேலையில் பழுதான பாகத்தைக் கழற்றினால் முதலில் சிவப்புச் சீட்டு கட்டுவோம். சீட்டு கட்டாமல் கீழே வைத்தவனுக்கு அன்றைக்கே வேலை போகும். அந்த டப்பாவில் நான் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தால் அவர் அதைத் தொட்டிருக்க மாட்டார். உன் தாள்களும் இருந்திருக்கும், அவர் விரல்களும் மடங்கும். ஆகவே நீ தப்பான ஆளைத் திட்டவில்லை. பாதி ஆளைத் திட்டினாய்.

இன்னொன்றும் உண்டு. இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். சுருக்கமாக எழுதினால் கிழிப்பேன் என்கிறாய், அதனால் எழுதுகிறேன். நான் பேசாமல் இருந்தது உன் குடும்பத்துக்காக மட்டும் என்று நினைத்துக்கொள்ளாதே. நீ என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. 'நீயா போட்டாய்?' என்றுகூட இல்லை. பார்த்தவுடன் நான்தான் என்று முடிவு செய்துவிட்டாய். சரி, அப்படியே இரு, என்றைக்காவது தெரியும்போது உனக்கு உறைக்கட்டும் என்று ஒரு வீம்பு. அந்த வீம்பில்தான் மாற்றல் கேட்டு இவ்வளவு தூரம் வந்தேன். வந்த பிறகு அது இனிக்கவில்லை. உன் கடிதங்கள் வர ஆரம்பித்ததும் தெரிந்துவிடுமோ என்று பயம் வந்துவிட்டது. சேறு என்று நீ எழுதியதுமே லேப் மனையில்தான் ஓட்டியிருப்பார், கியருக்குள் மாவு போயிருக்கும் என்று தோன்றிற்று; பெட்டியைத் திறக்காதே என்று எழுதியது அந்தப் பயத்தில்தான்.

திரும்பி வரச் சொல்லிக் கேட்காதே. அவரை விட்டுப் பிரிகிற யோசனை எதுவும் வைத்துக்கொள்ளாதே.

அண்ணன்


ஏப்ரல் 25

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் கேட்கவில்லைதான். உன் கடிதத்தில் அந்த இடத்துக்கு வந்ததும் தையல் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து போய் முகம் கழுவினேன். இரண்டு பெண்கள் அளவு கொடுக்கக் காத்திருந்தார்கள். நாளைக்கு வாங்க என்று அனுப்பிவிட்டேன். கூடப் பிறந்தவனிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. அதற்கு நான் என்ன சொன்னாலும் அது சாக்காகத்தான் இருக்கும். மன்னித்துவிடு என்று மட்டும் எழுதுகிறேன்.

பிரிகிற யோசனை இல்லை. ஆனால் சேர்ந்திருப்பதாகவும் தோன்றவில்லை. சாப்பாடு வைக்கிறேன். துணி துவைக்கிறேன். கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

முந்தாநாள் இவர் தானாகவே மாடிக்குப் போனார். நான் படிக்கட்டில் நின்று கேட்டேன். "தீப்பிடிச்சது என்னால. மச்சான் அன்னைக்கு வீட்டுலயே இல்ல," என்று வீட்டுக்கார அம்மாவிடம் சொன்னார். அந்த அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், "அய்யய்யோ, அப்ப அந்தப் பிள்ளையையா நான் வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் வாய்க்கு வந்தபடி பேசினேன்? இத அன்னைக்கே சொல்றதுக்கு உங்களுக்கு என்ன கேடு?" என்று சத்தம் போட்டார். இவர் நின்று வாங்கிக்கொண்டார். இறங்கி வரும்போது கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து வந்தார்.

நேற்று, "மச்சானுக்கு எழுதணும்," என்றார். அவர் கையில் பேனா நிற்காது. அதனால் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். ஒரு சொல்லையும் நான் மாற்றவில்லை. மாற்ற வேண்டும் போலிருந்த இடங்களிலும் மாற்றவில்லை.

"மச்சான், நான் பேசறேன். நீங்க சீட்டு ஒட்டாததும் தப்புன்னு எழுதியிருந்ததா இவ படிச்சுக் காட்டினா. அத வச்சு என் பங்கக் கொறச்சுக்க எனக்கு ஆசையாத்தான் இருக்கு. ஆனா அது சரியில்ல. அடுத்தவர் பொருளக் கேக்காம எடுத்தவன் நான்.

தீ விபத்துன்னு எல்லாருக்கும் தெரியும். அதுக்கு நான் மன்னிப்புக் கேக்கல. அன்னைக்கு ராத்திரி ஒண்ணு நடந்தது. நீங்க கட்டிலுக்குப் பக்கத்துல வந்து நின்னீங்க. உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு எனக்கும் தெரிஞ்சுது. வெளிய போனதும் சொல்லிடுவீங்கன்னு காத்திருந்தேன். இவ உங்களத் திட்டற சத்தம் கேட்டுது. உங்க சத்தம் வரவே இல்ல. அப்புறம் நீங்க போயிட்டீங்கன்னு நர்ஸ் சொன்னாங்க. அப்பாடான்னு இருந்துது மச்சான். கை அவ்வளவு எரிச்சல்லயும் நான் அன்னைக்கு நல்லாத் தூங்கினேன். அந்தத் தூக்கத்துக்குத்தான் மன்னிப்புக் கேக்கறேன். வேற எதுக்கும் கேக்கற யோக்கியத எனக்கில்ல."

இந்த இடத்தில் என் கை நின்றுவிட்டது. அந்த ராத்திரி நான் அதே அறையில் நாற்காலியில் உட்கார்ந்து, இவர் தூங்குவதைப் பார்த்து நிம்மதிப்பட்டேன். "எழுதிட்டியா?" என்று கேட்டார். எழுதிட்டேன் என்றேன்.

பழையபடி வந்து இருக்கச் சொல்ல எனக்கு வாயில்லை. ஒரு தடவை வந்துவிட்டுப் போ.

உன் தங்கை


மே 4

அன்புள்ள ஊசிக்கு,

மாப்பிள்ளை சொன்னதைப் படித்தேன். கோபம் வரும் என்று பார்த்தேன், வந்தது. இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் லிஃப்ட் மெஷின் அறையில் தனியாக உட்கார்ந்து மறுபடி படித்தேன். தன் தூக்கத்தைப் பற்றி ஒருவர் அவ்வளவு சொல்வது லேசில்லை. அவர் சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் படித்த பிறகு அது என்னை விட்டுப் போகவும் மாட்டேன் என்கிறது. பொய் சொல்ல விரும்பவில்லை. இன்னும் எனக்கு அவரிடம் சரியாகவில்லை.

பதினெட்டாம் தேதி காலை வண்டியில் வருகிறேன். மறுநாள் சாயங்காலம் கிளம்பிவிடுவேன். இங்கேயே இருக்கத்தான் கம்பெனியில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், அதை மாற்றப் போவதில்லை.

மாப்பிள்ளை ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல். நீ மட்டும் வா. ஆட்டோ வேண்டாம், நடந்தே போகலாம். வீட்டு வாசலில் அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன், எனக்கு அவ்வளவு தூரம் வேண்டும்.

அண்ணன்